திறைசேரி தரும் இருநூறு

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தில் அரசாங்கம் தன் பங்குக்கு நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்ல மலையகத்தில் யாருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அதை அறிவித்த அன்று மாலை ஹட்டன் பஸ் நிலையத்தில் எங்கே நின்றாலும் அதே பேச்சுதான். 1,350 ரூபாயாக இருந்த நாட்சம்பளத்தைக் கம்பனிகள் 1,550 ஆக்க வேண்டும். அதற்கு மேல் 200 ரூபாய், வேலைக்கு வந்ததற்கான ஊக்கத்தொகை என்ற பெயரில், திறைசேரியிலிருந்து வரும். ஆகமொத்தம் 1,750. கொழுந்து பறிக்கும் என் அத்தைக்கு மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் அரசாங்கக் காசு மட்டும் ஐயாயிரம். கோதுமை மாவும் பருப்பும் தேங்காயும் இன்று விற்கிற விலையில் அவர் அடுப்படிக்கு அது பெரிய காசு. வாங்கத்தான் வேண்டும். வாங்காதே என்று சொல்ல நான் யார்?

ஆனாலும் ஒரு கேள்வி அன்றிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. தனியார் கம்பனியில் வேலை செய்கிறவருக்கு நாட்சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏன் கொடுக்க வேண்டும்? கட்டுநாயக்கவில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுப்பதில்லை. புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்கும் நம் பையன்களுக்கும் இல்லை. தோட்டத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கரிசனம்? எனக்குத் தோன்றுகிற பதில் ஒன்றுதான். இதற்கு மேல் தர முடியாது என்று கம்பனிகள் சொன்னதை அரசாங்கம் வாய்விட்டு ஒப்புக்கொள்ளாமல் ஒப்புக்கொண்டு, மீதியைத் தான் கட்டிவிட்டது. கம்பனியின் சம்பளப் பட்டியலில் ஒரு வரியைப் பொதுமக்கள் சுமக்கிறார்கள். அந்தப் பொதுமக்களில் அத்தையும் ஒருவர். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். அவர் வாங்கும் சவர்க்காரத்திலும் போனுக்குப் போடுகிற ரீலோடிலும் அந்த வரி இருக்கிறது. வலது கையால் கொடுத்து இடது கையால் எடுக்கிறார்கள் என்று சொன்னால் அரசியல்வாதி பேச்சு போல இருக்கும், இருந்தாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பள்ளிக்கூட ஆசிரியர், செங்கொடிக்காரர், நல்ல மனிதர். “நீ என்னப்பா, கம்பனிக்காரன் மாதிரியே பேசுற” என்றார். அப்புறம் என்னை வலதுசாரி என்றார், பழமைவாதி என்றார். மலையகத்தில் அது வசைச்சொல். இங்கே எல்லோரும் ஏதாவது ஒரு சங்கத்தின் பிள்ளைகள். மேதினத்தில் ஏதாவது ஒரு நிறத்தில் தொப்பி போட்டவர்கள். சரி, பழமைவாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலை எந்த அமைச்சும் கட்டித்தரவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசில் கட்டினார்கள், அதே காசில் தேர் இழுத்தார்கள். சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் மரணாதார சங்கம் காசு எடுத்து வந்தது. சீட்டுப் பிடித்துத்தான் பிள்ளைகளை ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்தார்கள். அப்படிப் படித்தவன்தான் நான். பிரஜாவுரிமைகூட இல்லாத காலத்தில் இதையெல்லாம் நடத்திய மக்களை, சம்பளத்துக்கும் சலுகைக்கும் மேடையைப் பார்த்து அண்ணாந்து நிற்கிறவர்களாக ஆக்கிவிட்டோமே என்பதுதான் என் குறை.

இரண்டு வர்த்தமானிகள்

2021ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச்சில் ஒரு வர்த்தமானி வந்தது: நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். பல வருடம் கோஷமாக இருந்தது சட்டமாகிவிட்டது. வெடி போட்டார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். மே மாதம் அதே அரசாங்கத்தின் இன்னொரு வர்த்தமானி: இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. இந்த இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆள் கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கத்தில் ஒருவராவது இருந்தாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒரு தாள் சம்பளத்தைக் கூட்டச் சொல்கிறது. இன்னொன்று அந்தச் சம்பளம் எதிலிருந்து வருகிறதோ அந்தக் கொழுந்தைக் குறைக்கிறது.

தேயிலை இலைக்காக வளர்க்கிற செடி. வாரத்துக்கு வாரம் துளிரைக் கிள்ளி எடுத்துக்கொண்டே இருக்கிறோம், எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் செடி எங்கே போகும்? முதல் இரண்டு மூன்று மாதம் களஞ்சியத்தில் கிடந்த உரத்தில் ஓடியது. அப்புறம் துளிர் சிறுத்தது. அத்தையின் டிவிசனில் காலையிலிருந்து மலையைச் சுற்றினாலும் கூடை பாதிக்கு மேல் ஏறாத நாட்கள் வந்தன. ஆனால் சம்பளம் ஆயிரமாகிவிட்டதால், நாளுக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்ற கணக்கில் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு கிலோகூட இறங்கவில்லை. நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு என்று கழித்து, தண்ணீருக்கு என்று கழித்து, மிச்சம் கணக்குக்கு வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். “ஆயிரம் ரூவான்னு ரேடியோவுல சொல்றான். நமக்கு அரைப்பேருதான் தம்பி விழுது” என்று அத்தை சொன்னார். போதாததற்கு வாரத்தில் வேலை நாட்களையும் குறைத்தார்கள். சம்பளம் என்ற எண் ஏறியதும், சம்பளக் காசு இறங்கியதும் ஒரே வருடத்தில் நடந்தது.

நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் உலகச் சந்தையில் உர விலை ஏறிப்போயிருந்தது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு உரம் இருந்தும் வாங்க ஆளில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ தேயிலை செய்த நாடு, 2022இல் 25 கோடியோடு நின்றது. சேதனப் பசளையை நான் பழிக்கவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு மாட்டெருதான் போடுகிறேன். ஒரு செடியை நட்டு, மூன்று நான்கு வருடம் காத்திருந்து, முதல் கொழுந்து எடுத்த அனுபவம் உள்ளவர் எவரும் ஒரு நாட்டின் மண்ணை ஒரே ராத்திரியில் மாற்றக் கையெழுத்துப் போட மாட்டார். நான் பழமைவாதம் என்று சொல்வது இவ்வளவுதான்: தெரியாத இயந்திரத்தில் கை வைக்கும்போது மெதுவாக வை.

அந்த மார்ச் வர்த்தமானியால் இன்னொன்றும் போனது. அதைப் பற்றி யாரும் அழவில்லை. கூட்டு ஒப்பந்தம். அதில் ஓட்டைகள் ஏராளம் என்று எனக்குத் தெரியும். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 என்று கையெழுத்துப் போட்ட தலைவர்களைத் திட்டியவர்களில் நானும் இருந்தேன். ஆனால் அது ஒரு மேசை. முதலாளிமார் சம்மேளனம் ஒரு பக்கம், சங்கங்கள் மறுபக்கம். சம்பளம் மட்டுமல்ல, வருடத்துக்கு 300 நாள் வேலை கொடுக்க வேண்டும் என்பது போன்ற விஷயங்களும் அந்தத் தாளில்தான் இருந்தன. சம்பள நிர்ணயச் சபை வர்த்தமானி போட்டதும் கம்பனிகள், சம்பளம் சட்டப்படி, மற்றதெல்லாம் எங்கள் இஷ்டப்படி என்று எழுந்து போய்விட்டன. குறையுள்ள மேசையைச் செப்பனிடாமல் விறகாக உடைத்துவிட்டு, இப்போது எங்கே உட்கார்ந்து பேசுவது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

2024இல் நடந்தது அதைவிடக் கூத்து. மேதினத்தன்று கொட்டகலை மேடையில் ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய் என்று அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை. ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், செப்டம்பரில், 1,350 என்று புதிய வர்த்தமானி. இப்போது 1,750, அதில் 200 அரசாங்கத்தின் பாக்கெட்டிலிருந்து. மூன்று ஜனாதிபதிகள், மூன்று எண்கள்: 1,000, 1,700, 1,750. ஒவ்வொரு எண்ணும் ஒரு மேடையில் பிறந்தது. கம்பனியும் தொழிலாளியும் நேருக்கு நேர் பேசிப் பிறந்த எண் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அரசாங்கம் பங்கு போட ஆரம்பித்துவிட்டால் அடுத்த பேச்சுவார்த்தையில் கம்பனி என்ன சொல்லும்? போன முறை இருநூறு போட்டீர்கள், இந்த முறை முந்நூறு போடுங்கள் என்று சொல்லும். நான் கம்பனி நடத்தினால் நானும் அதைத்தான் சொல்வேன்.

கொடுத்த கை

பழைய கதையை நீட்ட மாட்டேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1948இல் ஒரு சட்டத்தால் பிரஜாவுரிமையை எடுத்தார்கள். 1964இல் இந்தியப் பிரதமரும் இலங்கைப் பிரதமரும் உட்கார்ந்து ஐந்தே கால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அதற்குப் பிறகு யாருடைய காணி சீர்திருந்தியது? வெள்ளைக்காரத் துரை போய், அரசாங்கத் தோட்ட நிறுவனமான ஜனவசமவின் துரை வந்தார். 1974இல் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், பசியால் செத்தவர்களைப் பற்றி என் தாத்தா பேசவே மாட்டார். மரவள்ளிக் கிழங்கைப் பார்த்தால் தட்டைத் தள்ளிவிடுவார். 1977 மே மாதம், பிரித்துக் கொடுக்கிறோம் என்று ஏழாயிரம் ஏக்கரை எடுக்க வந்ததை மறித்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். அரசாங்கம் என்றால் தாய் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நீண்டகாலம் கண்ணில் படவே இல்லை. கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த அதே 1975இல்தான் சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்திச் சட்டமும் வந்தது. அதாவது கிராமத்தில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு நாற்று, மானியம், ஆலோசனை என்று கொடுத்துத் தூக்கிவிட ஓர் ஏற்பாடு. ஒரே அரசாங்கம், ஒரே வருடம். கிராமத்தில் சொந்தக்காரர்களை வளர்த்தது. தோட்டத்தில் சொந்தக்காரர் பெயரை மட்டும் மாற்றியது. இன்று இலங்கைத் தேயிலையில் முக்கால் பங்கு அந்தச் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து. மலையகத்துப் படத்தைப் போட்டுத்தான் பெட்டியை விற்கிறார்கள், அது வேறு கதை.

இதைப் புள்ளிவிவரமாகத் தெரிந்து வைத்திருந்தது வேறு, கண்ணால் பார்த்தது வேறு.

கொத்மலையில் ஒரு தானம்

என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவர் கொத்மலைப் பக்கம். பாட்டி இறந்து ஒரு வருடம் என்று வீட்டில் தானம் கொடுத்தார்கள், என்னையும் அழைத்திருந்தார். அத்தை அப்போது கண் காட்டுவதற்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். தனியாக விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். பிக்குமார் சாப்பிட்டுப் போன பிறகு எல்லோரும் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அத்தையைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் அரை ஏக்கர் தேயிலை. நடுவே முள்முருங்கை மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. அத்தை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிரைக்குள் இறங்கி, சேலை முந்தியை மடி கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். நல்ல சேலை வேறு. நான் பதறிப்போய்க் கூப்பிட்டால், “தானத்து வேலையில விட்டுட்டாங்க போல. நாளைக்கு விட்டா முத்திப்போயிரும்” என்கிறார். கை நிற்கவில்லை.

நண்பரின் அப்பா வந்து பார்த்துச் சிரித்தார். “நங்கி, லீவு நாளிலும் வேலையா?” என்று சிங்களத்தில் கேட்டார். அத்தைக்குச் சிங்களம் நன்றாக வரும். “மாத்தயா பறிக்காட்டி யாராவது பறிக்கணும் இல்ல?” என்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் பேசியதுதான் பேச்சு. நானும் நண்பரும் வெறும் பார்வையாளர்கள். எப்போது கவ்வாத்து வெட்டினீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை பறிக்கிறீர்கள், உரம் எந்த மாதம். பெரியவர் உள்ளே போய், கொழுந்து வாங்கும் தொழிற்சாலை கொடுத்த மாதக் கணக்குச் சிட்டையை எடுத்து வந்தார். கிலோ எத்தனை, கிலோவுக்கு விலை எவ்வளவு, உரத்துக்குப் பிடித்தது எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. அந்த மாதம் விலை கிலோவுக்கு இருநூறை ஒட்டி. அத்தை சிட்டையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். “பதினெட்டுக் கிலோன்னா மூவாயிரத்து அறுநூறு” என்றார். உடனேயே, “கழிவு எவ்வளவு?” என்று கேட்டார். அனுபவம் அப்படி.

பெரியவர் மறைக்கவில்லை. பறிக்க வருகிற பெண்ணுக்குக் கிலோ கணக்கில் கூலி, உரம், வண்டிக் கூலி எல்லாம் போனால் பாதிகூட நிற்காத மாதம் உண்டு என்றார். உரத் தடை வந்த வருடம் சிட்டையில் ஒன்றுமே இல்லை, மிளகுதான் சோறு போட்டது, பாதி நிரைகளை அந்த வருடமே கவ்வாத்து வெட்டி ஓய்வு கொடுத்துவிட்டேன் என்றார். அரசாங்கத்தைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அத்தை, “அப்ப மாத்தயாவுக்குப் பெரட்டு கெடையாது?” என்று, தோட்டத்தில் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதை நினைத்துக் கேட்க, “ஏன் இல்லை, காலை ஆறு மணிக்கு இவள்தான் பெரட்டுப் போடுகிறாள்” என்று தேத்தண்ணீரோடு வந்த மனைவியைக் காட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை சொன்னது இது: “கொழுந்து பரவால்ல. ஆனா எங்க பதினோராம் நம்பர் மலைக் கொழுந்து முன்னால இது நிக்காது.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. அத்தையின் கொழுந்து நல்ல கொழுந்து என்றே வைத்துக்கொள்வோம். கொழும்பில் வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே போகிற விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற கணக்கில்தான் கொத்மலைப் பெரியவரின் சிட்டையில் எண் விழுகிறது. ஏலம் ஏறினால் அவர் சிட்டை ஏறும், இறங்கினால் இறங்கும். அத்தை பறிக்கிற கொழுந்தும் அதே ஏலத்துக்குத்தான் போகிறது. ஆனால் அங்கே என்ன நடந்தாலும் அது அத்தை வீட்டு வாசலுக்கு வருவதில்லை. வருவது வர்த்தமானி மட்டும். விலை ஏறிய வருடம் துரை சொல்ல மாட்டார். இறங்கிய வருடம் மட்டும் தவறாமல் சொல்வார். அரசாங்கம் தரும் இருநூறு அந்தப் பெரியவருக்கு ஒரு கிலோ கொழுந்தின் காசு. நாள் முழுக்க மலையில் நிற்கிற மனுஷிக்கு, ஒரு கிலோ கொழுந்தின் விலையை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு நாடு கைதட்டுகிறது.

“வித்துக் குடிச்சிருவாங்க”

அந்த ஆசிரியர் நண்பரிடம் மறுபடி போனேன். அவர் விடவில்லை. அரசாங்கம் வேண்டாம் என்றால் தோட்டப் பள்ளிக்கூடங்களை எடுத்தது யார், கடைசியில் பிரஜாவுரிமையைக் கொடுத்தது யார், கம்பனியா என்றார். நியாயம். பிரதேச சபைக் காசு தோட்டத்து ரோட்டுக்குச் செலவாகக் கூடாது என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடையை 2018இல் நீக்கியதும் பாராளுமன்றம்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவற்றில் உருப்படியானவை எல்லாம் மற்றப் பிரஜைகளுக்கு இருந்ததை நமக்கும் திறந்துவிட்டவை. தனியாக நமக்கென்று ஒரு சலுகை, நமக்கென்று ஒரு கொடுப்பனவு என்று வந்தவை நம்மைத் தனியாகவே வைத்திருக்கின்றன. கம்பனிகளையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 1992இல் தனியார் நிர்வாகத்துக்குக் கொடுத்தபோது மலையைப் பொன்னாக்குவார்கள் என்றார்கள். அத்தையின் தோட்டத்தில் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் புதுச் செடி நட்ட மலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். காடாகிப் போய்ப் பன்றியும் சிறுத்தையும் குடியிருக்கிற மலைகளை எண்ண இரண்டு கையும் போதாது. குத்தகைக்காரன் மரம் நட மாட்டான். அதுவும் சொத்துரிமைப் பாடம்தான்.

சரி, அப்படிக் காடாகிப் போன காணியில் குடும்பத்துக்கு அரை ஏக்கருக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். வீடு கட்ட ஏழு பேர்ச் கொடுப்பதைப் பற்றி நான் பேசவில்லை. அதில் ஒரு முருங்கை மரமும் கோழிக்கூடும் வைக்கலாம். கொழுந்து எடுக்க எண்பது பேர்ச், அதாவது அந்த அரை ஏக்கர். நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நம்ம ஆளுங்கள தெரியும்தானே. வித்துக் குடிச்சிருவாங்க” என்றார். மேதினத்தில் சிவப்புச் சட்டை போடுகிறவர் வாயிலிருந்து அப்படியே துரையின் வார்த்தை வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் டவுன்களில் சாராயக் கடைக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது அரசாங்கம். அந்தக் கடை வாசலைக் காட்டி, இவர்களை நம்பி உறுதி கொடுக்க முடியாது என்பதும் அரசாங்கம். பயமாக இருந்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருப்பார். அதையும் மீறி யாராவது விற்றால் விற்கட்டும். விற்க முடியாத சொத்து சொத்தே இல்லை. கொழும்பில் தாத்தா விட்டுப்போன காணியை விற்றுக் குடித்தவர்கள் இல்லையா? அதற்காகக் கொழும்பில் யாருக்கும் உறுதி கொடுக்காமல் இருந்தார்களா?

2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு இந்த வாதத்துக்கு வேறு ஒரு முகம் வந்துவிட்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை இறங்கி வந்து வீடுகளை மூடியது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் தருவதாக அரசாங்கம் சொன்னது, நல்ல காரியம். ஆனால் லயக் காம்பரா யாருடைய வீடு? அதில் நான்கு தலைமுறை பிறந்து செத்திருக்கலாம், சட்டப்படி அது அந்தக் குடும்பத்துடையதல்ல. புதிய வீட்டை எங்கே கட்டுவது என்று கிராமத்துக்காரர் தன் மீதிக் காணியைப் பார்க்கிறார். தோட்டத்துக்காரர் துரையைப் பார்க்கிறார், துரை கம்பனியைப் பார்க்கிறார், கம்பனி அமைச்சைப் பார்க்கிறது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் இதுதானே நடந்தது? அங்கே மண் சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. எழுந்து போக அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் இடம் இல்லை.

போன மாதம் அத்தையின் டிவிசனில் ஒரு கூட்டம் போட்டார்கள். குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துத் தருகிறோம், நீங்களே பராமரியுங்கள், கொழுந்தைத் தோட்டத்துத் தொழிற்சாலைக்குக் கொடுங்கள், கிலோவுக்குக் காசு. பல தோட்டங்களில் இப்போது நடக்கிற முறைதான், கொத்மலைப் பெரியவரின் சிட்டைக்குக் கிட்டத்தட்ட வருகிற ஏற்பாடு. அத்தை எழுந்து, “காணியா, செடி மட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். செடி மட்டும்தான் என்று வெளிக்கள உத்தியோகத்தர் சொன்னார். எழுத்தில் தருவீர்களா என்றதற்கு அவர் நேர்மையாகவே பதில் சொன்னார்: காணி கம்பனிக்கே சொந்தம் இல்லையம்மா, அரசாங்கத்துடையது, எங்களுக்குக் குத்தகை 2045 வரைக்கும்தான், நாங்கள் எப்படி எழுதித் தருவது? அத்தை பெயர் கொடுக்கவில்லை. உரம் போட்டு, கான் வெட்டி, செடியைத் தேற்றி வைத்த பிறகு திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்கிறார். இதில் அவர் என்னைவிடப் பெரிய பழமைவாதி.

அந்த உத்தியோகத்தர் சொன்னதை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் காதில் வாங்கினால் போதும். இந்த மலைகளின் உண்மையான சொந்தக்காரர் கம்பனி இல்லை, அரசாங்கம். சம்பளத்தில் இருநூறு போடுகிற அதே கைதான் உறுதி எழுதவும் முடிகிற கை. இந்த வருடம் ஊக்கத்தொகைக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த வருடமும் ஒதுக்க வேண்டும், அதற்கடுத்த வருடமும். அதில் ஒரு சின்னப் பங்கை எடுத்து நில அளவைத் திணைக்களத்துக்குக் கொடுங்கள். கம்பனியே கைவிட்ட மலைகளிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கே குத்தகைச் சண்டைகூடக் குறைவு. அளவையாளர்கள் தங்க இடமில்லை என்றால் எங்கள் கோயில் மண்டபம் இருக்கிறது, தேத்தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 2045க்குப் பத்தொன்பது வருடம்தான் இருக்கிறது, அளந்து முடிக்கவே அதில் பாதி போய்விடும்.